டாமார் மரத்தில் மூன்று கீறல்

பிசின் சூடாக இருந்தது. அதுதான் எட்ரியனுக்கு முதலில் பிடிக்கவில்லை.

ரிங்லெட் தேயிலைத் தோட்டத்துக்கு மேலே உள்ள காடு. மாலை ஐந்தரை மணிக்கே பனிமூட்டம் இறங்கி, பக்கத்து மரம்கூடத் தெரியாமல், ஈரப் பாசியும் அழுகிய இலையும் மணக்க, எங்கோ தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் விடாமல் கேட்டது. தேன் எடுக்கலாம் என்று அடம்பிடித்து அழைத்து வந்த மச்சினன் தோமஸ், சரிவில் உருண்டு, கால் கிழிந்து, பிசின் வடிக்கிற டாமார் மரத்தடியில் கிடந்தான். போனில் லைன் இல்லை. விடியும்வரை நெருப்பு இல்லாவிட்டால் குளிரே அவனைக் கொன்றுவிடும். டாமார் பிசின் தடவினால் ஈர விறகும் எரியும். பாழாய்ப்போன லைட்டர்தான் பிடிக்கவில்லை.

"வீட்டுல சும்மா கெடந்திருக்கலாம் லா! எல்லாம் ஒன்னாலதான்!"

"திட்டாத மச்சான். ரத்தம் நிக்கல."

எட்ரியன் பதினெட்டு வருடமாகத் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன். வெட்டிய கிளையில் மருந்து பூசி அடைப்பது கைப்பழக்கம். யோசிக்கவே இல்லை. கவ்வாத்துக் கத்தியால் மரத்தின் அடியில் ஒரு கீறல் போட்டு, ரத்தம் தோய்ந்த விரலால் பிசினை வழித்து, தோமஸின் காயத்தில் அப்பினான். மீதியை விறகில் தடவினான்.

ரத்தம் நின்றது. லைட்டரும் பிடித்தது. சாம்பிராணி வாசனை எழுந்தது. அப்பாடா என்றிருந்தது.

அரை மணி நேரம்தான். நெருப்பு சுருங்கியது. எட்ரியன் முனகிக்கொண்டே எழுந்து மரத்துக் கீறலைத் தடவினான். பிசுபிசுப்பு இல்லை. வழவழப்பு. இரும்பு வாடை. விரலை வெளிச்சத்தில் காட்டினான்.

சிவப்பு.

எரிச்சலில் நெஞ்சுயரத்தில் இன்னும் இரண்டு கீறல் சாய்வாகப் போட்டான். சிவப்பு. சிவப்பு.

"என்ன எழவு மரம்டா இது!"

"மச்சான்." தோமஸின் குரலில் நடுக்கமே இல்லை. "குளிரல இப்ப."

எட்ரியன் அவன் காலைப் பார்த்தான். காயத்திலிருந்து மஞ்சளாக, கெட்டியாக வழிந்துகொண்டிருந்தது. சுற்றிலும் தோல் பட்டை பட்டையாக வெடித்திருந்தது.

நெருப்பில் ஒரே ஒரு கங்கு மிச்சம்.

தோமஸ் சட்டையைத் திறந்தான். நெஞ்சில் சாய்வாக இரண்டு கீறல். புதியவை. பிசின் சொட்டியது.

"பத்தலேன்னா," என்று சிரித்தான், "இன்னும் கொஞ்சம் ஆழமா வெட்டு மச்சான்."