பெட்டிக்குள் ஒரு நீல ரிப்பன்

"விசில் என்கிட்ட இருக்கட்டும்க்கா!" என்று அம்சவேணி கையை நீட்டினாள்.

முகாமை நடத்தும் மெர்சி அக்கா உடனே கொடுத்துவிடவில்லை. "ஒரு தடவை ஊதினா போதும். மோட்டார் படகு வந்து உங்களைக் கூட்டிட்டு வந்துடும். ஆபத்துன்னா ஊதணும், வெட்கப்பட்டுக்கிட்டு இருக்கக் கூடாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுக்கா!"

புரிந்தது என்னவோ உண்மைதான். ஆனால், என்ன ஆனாலும் ஊதுவதில்லை என்று அந்த நிமிடமே அவள் மனசுக்குள் முடிவு கட்டிவிட்டாள்.

தருமபுரிப் பக்கத்துப் பள்ளி அவளுடையது. கடலோரத்தில் தண்ணீருக்குள்ளேயே வளரும் சுரபுன்னைக் காட்டில் நடக்கும் இந்த முகாமுக்கு அங்கிருந்து இதுவரை பையன்கள்தான் வந்தார்கள். பெண்களை அனுப்பியது இதுதான் முதல் தடவை. அம்சவேணியின் அப்பா சம்மதிப்பதற்குள் பள்ளிக்கூடமே அவர் வீட்டுக்கு நடையாய் நடந்தது. கடைசியில் ஒரு நிபந்தனையோடு தலையாட்டினார். "பொண்ணுங்க காணாமப் போயி, படகு தேடிப் போச்சுன்னு ஒரு பேச்சு வரட்டும், அதோட சரி! நீயும் போக வேணாம், உன் தங்கச்சியும் போக வேணாம்."

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் தங்கை தேன்மொழி, பேருந்து நிலையம் வரை அக்காவின் பையைத் தூக்கி வந்து, "எனக்காகவாச்சும் ஒழுங்கா வந்து சேருக்கா" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். அந்தக் குரல் இன்னும் அம்சவேணியின் காதிலேயே இருந்தது.

நீச்சல், துடுப்பு, கூடாரம் கட்டுவது, விறகடுப்பில் சோறு வடிப்பது என்று எல்லாம் கற்றாகிவிட்டது. இன்று பெட்டி வேட்டை! காட்டுக்குள் எங்கோ ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும் குழு, தன் பங்குக்கு ஒரே ஒரு பொருளை அதில் போட்டு, வேறு இடத்தில் ஒளித்துவைத்து, அடுத்து வருகிறவர்களுக்காகப் படம் வரைந்து கொடுக்க வேண்டும். பெட்டிக்குள் எதுவும் எழுதிவைக்கக் கூடாது. "என்ன பொருள்க்கா போடணும்?" என்று கேட்டதற்கு, "அது உங்களுக்கே தெரியும்" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார் மெர்சி அக்கா. கடல் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று முந்தின நாள் அவர் நிலா படமெல்லாம் போட்டு விளக்கினார்தான். அப்போது நம் வீராங்கனைகள் பூரியைப் பங்கு போடுவதில் மும்முரமாக இருந்தார்கள்.

படகில் அவள் பள்ளிப் பெண்கள் மூன்று பேர். முன்னால் பர்வீன், எதையும் இரண்டு தடவை சரிபார்க்காமல் விடமாட்டாள். நடுவில் மாதேஸ்வரி, வாய் ஓயவே ஓயாது. பின்னால் துடுப்போடு தலைவி அம்சவேணி.

"திரும்பற இடத்துல எல்லாம் ஒரு சிவப்பு ரிப்பன் கட்டிடறேன். வழி மறக்காது" என்றாள் பர்வீன். உட்கார்ந்தபடியே கைக்கு எட்டிய கிளைகளில், தண்ணீருக்குச் சற்று மேலே, முடிச்சை இழுத்து இழுத்துப் பார்த்துக் கட்டினாள். தலைவிக்கு அந்த யோசனை ரொம்பவே பிடித்துப்போயிற்று.

வாய்க்கால்கள் வீட்டு நடை மாதிரி குறுகலாக, நிழலாக இருந்தன. வேர்களுக்கு நடுவே நண்டுகள் ஓடி ஒளிந்தன. "இன்னாடி இது, தண்ணி நம்மளப் பின்னால தள்ளுது! தோளு கழண்டு போவுது!" என்று மாதேஸ்வரி வழிநெடுகப் புலம்பினாள். இருந்தாலும் துடுப்பை விடவில்லை.

படத்தில் வட்டம் போட்டிருந்த இடம் ஒரு குட்டை. நான்கைந்து வாய்க்கால்கள் வந்து கூடும் அமைதியான நீர்ப்பரப்பு. நுழையும் இடத்தில் ஒடிந்த மரமொன்றின் உச்சியில் நீர்க்காகம் ஒன்று சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. "பாரு, துணி காயப் போட்டிருக்குது!" என்றாள் மாதேஸ்வரி. பர்வீன் அதற்கு நேர் கீழே ஒரு ரிப்பனைக் கட்டினாள்.

பெட்டியைத் தேட அதிக நேரம் பிடிக்கவில்லை. மேட்டில் ஒரு மரத்தடியில், சருகுக்குள் இருந்தது!

"திற, திற!"

திறந்தார்கள். அறுந்த ரப்பர் செருப்பு ஒன்று. கருகிப்போன கரண்டி. பிசுபிசுவென்று காலி உப்புப் பொட்டலம். சேறு காய்ந்து ஒட்டிய நீல ரிப்பன்.

"இதான் புதையலா?" மாதேஸ்வரிக்கு அழுகையே வந்துவிட்டது. "எங்க வீட்டுப் பரண்ல இதைவிட நல்ல சாமானெல்லாம் கிடக்குது!"

அம்சவேணிக்கும் ஏமாற்றம்தான். ஆனால் தலைவி அல்லவா, காட்டிக்கொள்ளவில்லை. மேட்டிலேயே உட்கார்ந்து புளிச்சோற்றைச் சாப்பிட்டார்கள், கொஞ்சம் கண்ணயர்ந்தார்கள். பிறகு பெட்டியோடு படகில் ஏறினார்கள்.

ரிப்பனைக் காணோம்!

சுற்றிச் சுற்றி வந்தார்கள். எல்லா வாய்க்காலும் ஒரே மாதிரி இருந்தது. சிவப்பு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

"யாரோ அவுத்துட்டாங்களா?" பர்வீனின் முகம் வெளுத்துவிட்டது. "நான் நல்லாத்தான் கட்டினேன்!"

"அதை விடுடி" என்றாள் அம்சவேணி. "காலைல தண்ணியை எதிர்த்துத்தானே வந்தோம்? இப்போ தண்ணி போற பக்கமே போனா முகாம்தான். ஆத்துல அப்படித்தானே!"

காவிரியைப் பார்த்து வளர்ந்தவர்கள். மூன்று பேருக்கும் அது சரியாகத்தான் பட்டது. தண்ணீர் இழுத்த இழுப்பில் ஒரு வாய்க்காலில் சுகமாகப் போனார்கள். ஆனால் வாய்க்கால் அகலவில்லை, இன்னும் குறுகிற்று. வேர்கள் படகின் அடியை உரசின. கடைசியில் முன்னே போக வழியே இல்லை.

திக்குமுக்காடி, படகைப் பின்னாலேயே தள்ளிக் குட்டைக்கு வந்து சேர்ந்தார்கள். வெயில் சாய ஆரம்பித்துவிட்டது. மாதேஸ்வரி பேச்சை நிறுத்தியிருந்தாள். அதுதான் அம்சவேணியைப் பயமுறுத்தியது.

"ஊதிடு அம்சா" என்றாள் பர்வீன் மெதுவாக.

அம்சவேணி விசிலைக் கையில் எடுத்தாள். தேன்மொழியின் முகம் கண்ணெதிரே வந்தது. பர்வீனின் உதடு நடுங்குவதும் தெரிந்தது. தங்கையின் ஆசை பெரிதுதான், ஆனால் கூட வந்த இரண்டு பேரையும் இருட்டும்வரை இங்கே வைத்திருக்க அவளுக்கு என்ன உரிமை? விசிலை வாயருகே கொண்டுபோய் மூச்சை இழுத்தாள்.

அப்போதுதான் அந்த நீர்க்காகத்தைப் பார்த்தாள்! அதே ஒடிந்த மரம். அதே உச்சியில், அதே துணி காய்ந்துகொண்டிருந்தது.

"அங்க போங்க!"

படகு மரத்தை ஒட்டியது. பர்வீன் கட்டிய கிளையையே காணவில்லை. அம்சவேணி குனிந்து முழங்கை வரை தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவினாள். வழவழவென்று துணி தட்டுப்பட்டது!

"ரிப்பன் இங்கதான்டி இருக்குது! தண்ணிக்குள்ள! பர்வீன், உன் முடிச்சு அவுறவே இல்ல!"

"மழையே பெய்யலையே, தண்ணி எப்படி ஏறிச்சு?" என்றாள் மாதேஸ்வரி.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பூரி நேரத்துப் பாடம் இப்போது மண்டையில் உறைத்தது.

"கடல்!" என்று கத்தினாள் அம்சவேணி. "கடல் ஏறியிருக்குது! இது ஆறு இல்லடி. காலைல தண்ணி கடலுக்குப் போச்சு, இப்போ கடல்ல இருந்து வருது. தண்ணி வர்ற பக்கம்தான் முகாம்!"

பர்வீன் வழக்கம்போல் சரிபார்த்தாள். ஒரு இலையைக் கிள்ளித் தண்ணீரில் போட்டாள். மரத்தை ஒட்டிய வாய்க்காலிலிருந்து அது அவர்களை நோக்கி மிதந்து வந்தது.

"எதிர்த்துப் போடு துடுப்பை!" என்றாள் தலைவி. "அடுத்த மூணு வளைவுக்குள்ள காடு விலகலேன்னா கண்டிப்பா ஊதிடறேன். இது சத்தியம்."

ஒவ்வொரு பிரிவிலும் ஒரு இலை. எங்கிருந்து தண்ணீர் வருகிறதோ அங்கே படகு. முதல் வளைவு போயிற்று. இரண்டாவதும் போயிற்று. "காலைலயும் எதிர்த்து, சாயங்காலமும் எதிர்த்து! இது எந்த ஊரு நியாயம்?" என்று மாதேஸ்வரி மறுபடி புலம்ப ஆரம்பித்தாள். அதைக் கேட்க அம்சவேணிக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது!

மூன்றாவது வளைவில் வானம் பெரிதாகத் திறந்தது. எதிரே விரிந்த உப்பங்கழி, அதன் கரையில் முகாமின் மஞ்சள் கொடி!

மூவரும் கூச்சல் போட்டதில் கரையில் நின்ற கொக்குகளெல்லாம் பறந்துவிட்டன. பர்வீன் திடீரென்று பெட்டியைத் திறந்து, நீல ரிப்பனை வெளியே எடுத்தாள்.

"நமக்கு முன்னாடியே யாரோ..." என்று ஆரம்பித்து, முடிக்க முடியாமல் சிரித்தாள்.

அம்சவேணிக்கும் விளங்கிவிட்டது. சேற்றில் செருப்போடு இறங்கியவர்கள், கரண்டியை அடுப்பில் மறந்தவர்கள், உப்பை நனையவிட்டவர்கள். ஒவ்வொரு குழுவும் தான் செய்த தப்பைத்தான் அந்தப் பெட்டியில் போட்டிருக்கிறது! கையில் கொடுத்தும் தங்களுக்குப் புரியவில்லையே என்று அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

மறுநாள் சிவப்பு ரிப்பனில் ஒரு துண்டை நீல ரிப்பனோடு சேர்த்து முடிந்து போட்டார்கள். பெட்டியை இந்தத் தடவை தரையில் வைக்கவில்லை. படகில் எழுந்து நின்று கையை உயர்த்தினால்தான் எட்டும் கிளையில் கட்டித் தொங்கவிட்டார்கள்.

தருமபுரி பேருந்து நிலையத்தில் அப்பா காத்திருந்தார். பக்கத்தில் தேன்மொழி.

"ஒண்ணும் தொந்தரவு இல்லியே?" என்றார் அப்பா.

இல்லை என்று சொல்லிவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் பெட்டியில் தப்பைப் போட்டுவிட்டு வந்தவளுக்கு, அதை வீட்டில் மறைக்க மனசு வரவில்லை.

"வழி தவறிட்டோம்ப்பா. தண்ணி போற பக்கம் போனோம், அது தப்பு. அப்புறம் யோசிச்சு, நாங்களே திரும்பி வந்துட்டோம். விசில் ஊதற அளவுக்குப் போயிடுச்சு, ஆனா ஊதலை."

தேன்மொழியின் முகம் வாடிப்போயிற்று. அப்பா பையை வாங்கி வண்டியில் மாட்டினார்.

"உனக்கு இப்போ நீச்சல் வருமா?" என்றார் பிறகு.

"வரும்ப்பா."

"அப்போ லீவுல சின்னவளுக்கும் நம்ம கெணத்துல கத்துக் குடு. நீச்சல் தெரியாமல்லாம் அங்க அனுப்ப முடியாது."