நான்கில் ஒரு பங்கு

கூடத்துச் சுவரில் நிரவிக் கருவி முனகத் தொடங்கியதும் வீட்டிலிருந்த நால்வரும் கூடத்துக்கு வந்து உட்கார்ந்தார்கள். மாமனார் ரித்தீஷுக்கு இன்னும் வியர்வை அடங்கவில்லை. எழுபது வயதிலும் தினமும் இறகுப்பந்து ஆடுகிற மனிதர் அவர். ஆடிய களைப்பைப் பொழுது சாய்ந்ததும் குடும்பத்தின் தலையில் இறக்கிவிட்டு இளந்தாரி போல வளைய வருவார். இன்று ஓர் ஆட்டம் கூடுதலாக ஆடிவிட்டதாகவும் எல்லாரும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றும் அவர் சொன்னபோது மகன் கவினும் மகள் சஹானாவும் சிரித்தார்கள். மருமகள் மகிழினிக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த பேச்சு எங்கே வந்து நிற்கும் என்று அவளுக்குத் தெரியும்.

நால்வரின் மணிக்கட்டுக் காப்புகளிலும் பச்சை ஒளி ஓடி அடங்கியது. சஹானா கண்ணை மூடிக்கொண்டு சோபாவில் சாய்ந்தாள்.

"இன்னிக்கி ரொம்ப சாஸ்திங்கண்ணி. அப்படி என்னதான் பண்ணுனீங்க?"

மகிழினி ஒன்றும் பண்ணியிருக்கவில்லை. ஆலையில் வெயில்துணியின் மடிப்புகளைச் சரிபார்த்துவிட்டு வந்திருந்தாள், அவ்வளவுதான். வெயிலை மின்சாரமாக்கும் அந்தத் துணி காகிதத்தைவிட லேசானது. குழந்தைகூட அதைத் தூக்கும்.

நிரவியால் களைப்பை உண்டாக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. அடியில் குழாய் வைத்து இணைத்த நான்கு பானைகளில் தண்ணீர் ஒரே மட்டத்துக்கு வந்து நிற்பது போல, காப்பு அணிந்தவர்களின் நரம்புகளில் சேர்ந்த அயர்வை அது கூட்டிச் சமமாகப் பங்கிட்டுவிடும். ஒருவர் காப்பைக் கழற்றினால் அவரவர் களைப்பு அவரவரிடமே திரும்பிவிடும். கோயமுத்தூரில் நிரவி இல்லாத வீடு இப்போது அபூர்வம். பெண் கொடுக்கிறவர்கள், மாப்பிள்ளை வீட்டு நிரவி வளையத்தில் எத்தனை பேர் என்றுதான் முதலில் கேட்டார்கள். தாலி கட்டி முடித்துப் பந்தியில் உட்காரும் முன் மருமகளின் கையில் காப்பை மாட்டி வளையத்தில் சேர்ப்பது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. மகிழினிக்கு மாட்டிவிட்டவள் சஹானாதான். அன்று கெண்டைக்கால் முழுக்க யாரோ ஓடிய ஓட்டத்தின் வலி வந்து இறங்கியபோது மகிழினிக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு குடும்பம் இவ்வளவு கிட்டத்தில் இருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

வந்து சேரும் களைப்பு யாருடையது என்று நிரவி சொல்லாது. அதுதான் அதன் நாகரிகம் என்பார்கள். ஆனால் பழகிய வீட்டில் ஊகிக்க முடியும். காலில் இருப்பது மாமாவின் ஆட்டம். கண்ணுக்குப் பின்னால் இருப்பது வான்வண்டிகளின் வழித்தடத்தை நாளெல்லாம் திரையில் பார்க்கும் கவினுடையது. தொண்டையில் இருப்பது, ஒரு நிறுவனத்தின் புகார் பிரிவில் பேசிப் பேசி ஓயும் சஹானாவுடையது. இவை போக, உடம்பில் எந்த இடமும் இல்லாத ஒரு களைப்பு மிஞ்சியது. உழைப்பில் வராத, தூக்கத்தில் போகாத களைப்பு. மூன்று வருடங்களுக்கு முன் மகிழினிக்குத் தைராய்டு மந்தம் என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்ததும், அந்த இடமில்லாத களைப்புக்கு வீட்டில் ஒரு சொந்தக்காரி கிடைத்தாள்.

மருத்துவரும் காப்பைத்தான் நம்பினார். ரத்தம் பாதிதான் சொல்லும், காப்பு முழுதும் சொல்லும் என்பது அவர் கட்சி. காப்பில் பதிந்த களைப்பு இறங்கவில்லை என்று பார்த்துப் பார்த்து மாத்திரையை ஏற்றிக்கொண்டே போனார். ஏற்ற ஏற்ற மகிழினிக்கு நெஞ்சு படபடத்தது. கை நடுங்கியது. தூக்கம் விட்டுப்போனது. களைப்பு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. அவர் ஓய்வு பெற்றுப் போய், அந்த நாற்காலிக்கு வந்த டாக்டர் நஸ்ரின் முதல் வேலையாக ரத்தத்தைப் பார்த்தார். பிறகு மகிழினியின் கையைப் பிடித்துக் காப்பைப் பார்த்தார்.

"இதுல பதியறது உங்க களைப்பு இல்லைங்க. நாலு பேர் களைப்புல ஒரு பங்கு. அதை வெச்சு உங்களுக்கு எப்படிங்க மருந்து குடுக்கறது?"

மாத்திரையைக் குறைக்க வேண்டும், அது உடம்பில் நிலைப்படும் ஆறு வாரமும் காப்பைக் கழற்றி வைக்க வேண்டும், அதன்பின் ரத்தம் பார்க்க வேண்டும் என்றார். அளவு சரியானதும் திரும்பிச் சேர்ந்துகொள்ளலாம்.

வீட்டில் யாரும் மறுப்புச் சொல்லவில்லை. அவர்கள் அவ்வளவு சீக்கிரம் சம்மதித்தது மகிழினிக்கு ஒரு மாதிரியாக இருந்தது. முதல் நாள் நிரவி முனகியபோது அவள் மாடிப்படியின் திருப்பத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். கீழே கூடத்தில் மூவரும் பெருமூச்சு விடுவது கேட்டது. எவ்வளவு லேசாக இருக்கிறது என்று மாமா சொன்னார். சஹானா ஏதோ சொல்ல, கவின் வெகுநாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தான். படியருகே இருந்த ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டிலும் அதற்கடுத்த வீட்டிலும் பச்சை ஒளிகள் வட்டமாக ஓடி அடங்கின. தெரு முழுக்க எல்லாரும் யாரோடோ சேர்ந்து களைத்திருந்தார்கள்.

மாத்திரை குறைந்ததும் அவளுடைய களைப்பு முழுதாக அவளிடம் வந்து சேர அதிக நாள் ஆகவில்லை. வலி என்று அதைச் சொல்ல முடியாது. நனைந்த போர்வையைத் தோலுக்கு உள்பக்கமாக யாரோ போர்த்திவிட்டது போலிருந்தது. காலையில் கண் விழித்தால் அது அவளுக்கு முன்பே எழுந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தது. புரட்டாசி வெயிலிலும் குளிர்ந்தது. ஒரு பேச்சின் நடுவே அடுத்த சொல் எங்கோ தொலைந்துபோனது.

அதனோடு வாழ ஒரு முறையை அவள் கற்றுக்கொண்டாள். விடிந்ததும் வெறும் வயிற்றில் மாத்திரை. காபிக்கு அதற்குமேல் ஒரு மணி நேரம் காத்திருப்பு. கவின் காத்திருப்பதை நிறுத்திவிட்டுத் தன் காபியை முன்னதாகவே குடித்துவிட்டுப் போனான். அடுப்பருகே ஒரு நாற்காலி போட்டுக்கொண்டாள். காய் நறுக்குவதையும் தாளிப்பதையும் இரண்டு வேலையாக்கி நடுவில் உட்கார்ந்தாள். தலைக்குக் குளிப்பதை விடுமுறை நாளுக்குத் தள்ளினாள். மாடி ஏறும்போது திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கினாள். அந்தத் திருப்பத்தில் யாரும் அவளைத் தாண்டிப் போகவில்லை. கவின் ஒருநாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, எப்படி இருக்கிறது என்று கேட்டான். அவள் சொல்ல முயன்றாள். எத்தனையோ வருடமாக அவர்களுக்குள் களைப்பைப் பற்றிப் பேசிக்கொள்ளத் தேவையே இருந்ததில்லை. சொல்வதற்கு வார்த்தை இருவரிடமும் இல்லை. அவன் அவள் முழங்காலைத் தட்டிவிட்டு எழுந்து போனான்.

ஆறு வாரம் கழித்து ரத்தம் பார்த்தபோது மாத்திரை கொஞ்சம் கூடுதலாகக் குறைந்துவிட்டது தெரிந்தது. சற்று ஏற்றினால் போதும் என்றார் நஸ்ரின். ஏற்றினால் மறுபடி ஆறு வாரம்.

"இன்னும் ஆறு வாரம் தனியாவாங்க டாக்டர்?" மகிழினி கேட்டாள்.

"உடம்பு மெதுவாத்தாங்க பதில் சொல்லும். நடுவுல கேட்டா தப்பாச் சொல்லும்."

இந்த இரண்டாவது தவணையில்தான் அது நடந்தது. துணிக்கூடையோடு மாடிக்குப் போனவள், கொடியில் பாதித் துணியை உலர்த்திய பிறகுதான் திருப்பத்தில் நிற்காமல் ஏறிவந்ததை உணர்ந்தாள். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. கீழே ஓடினாள்.

கூடத்தில் மூவரும் மூன்று மூலையில் சாய்ந்து கிடந்தார்கள். மாமா பந்தாட்டத்துக்குப் போகாமல் நாலைந்து நாளாகியிருந்தது. முதலில் வந்த லேசு எப்போது போனது என்று யாருக்கும் தெரியவில்லை. மூன்று வருடக் களைப்பு சுவரில் படிந்திருக்கும், போகப் போகத்தான் போகும் என்று மாமா விளக்கம் சொல்லிப் பார்த்தார். சஹானா அதை நம்பவில்லை. எழுந்து வந்து மகிழினியின் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள்.

"பொய் சொல்லாதீங்கண்ணி. நாங்க அசந்த நேரம் காப்பெடுத்துப் போட்டுக்கறீங்கதான? இல்லாட்டி எப்படிங்க நீங்க ஓடறீங்க, நாங்க கெடக்கறோம்?"

மகிழினி கணவனைப் பார்த்தாள். அப்படியெல்லாம் செய்யமாட்டாள் என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கவின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். காப்பு பீரோவில் பூட்டியிருந்தது. சாவியும் அவனிடம்தான் இருந்தது.

அடுத்த பரிசோதனையில் எல்லாம் சரியாக இருந்தது. அவளுக்கான அளவு இதுதான் என்று நஸ்ரின் சிரித்தார். போகிற போக்கில், வீட்டில் மற்றவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டார். மகிழினி சொல்லச் சொல்ல அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"அந்த இடமில்லாத களைப்பு உங்களோடது மட்டும்னா, நீங்க விலகுனதும் அவங்களுக்கு அது போயிருக்கணும். அங்க இன்னொருத்தருக்கு இருக்குங்க. பங்கு போட்டுக்கிட்டதால அவங்களுக்கே தெரியல. மூணு பேரையும் காப்பக் கழட்டி ரத்தம் குடுக்கச் சொல்லுங்க. விட்டா இதயம் வரைக்கும் போகும்."

இதைச் சொல்லத்தான் அவள் வேகமாக வீட்டுக்கு வந்தாள். வாசலிலேயே கவின் நின்றிருந்தான். மாமா கேசரி கிண்டச் சொல்லியிருந்தார். சஹானா காப்பைத் துடைத்துத் தட்டில் வைத்திருந்தாள், கல்யாணத்தன்று வைத்தது போலவே. மகிழினி டாக்டர் சொன்னதை ஆரம்பித்தாள்.

"அதெல்லாம் அப்பறம் பேசிக்கலாம் அம்மணி," என்றார் மாமா. "மொதல்ல வந்து உக்காரு. நீயில்லாம வீடே படுத்துக்கிச்சு."

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் பன்னிரண்டு வாரம் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தோம் என்று அவளுக்குத் தோன்றியது. கையை நீட்டினாள். சஹானா மாட்டிவிட்டாள்.

பச்சை ஒளி ஓடியது. கண்ணுக்குப் பின்னால் கவின் வந்தான். தொண்டையில் சஹானா வந்தாள். பிறகு தோலின் உள்பக்கமாக நனைந்த போர்வை ஒன்று மெல்ல விரிந்தது. அந்தப் போர்வையின் ஒவ்வொரு இழையும் அவளுக்குத் தெரியும். வாரக்கணக்கில் அதனோடு தனியாகக் குடியிருந்தவள் அவள். இது அவளுடையதல்ல. அவளுடையது சரியாகிவிட்டது. இது வேறு யாரோ சுமப்பது, அவள் முன்பு சுமந்ததைவிடப் பெரியது.

எதிரே மூவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மாமா தோளைச் சுழற்றிப் பார்த்தார். கவின் அவளைப் பார்த்துச் சிரித்தான். கல்யாணமான புதிதில் சிரித்த சிரிப்பு. சஹானா கேசரியை வழித்து வாயில் போட்டுக்கொண்டு, அண்ணி வந்ததும்தான் உயிர் வந்தது என்றாள்.

மகிழினி டாக்டர் சொன்னதை முழுதாகச் சொன்னாள். மூவரும் கேட்டார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எங்களுக்கென்ன மகி?" என்றான் கவின். "இப்ப நல்லாத்தான இருக்கோம்?"

அது உண்மைதான். அவளுடைய ஆரோக்கியத்தில் முக்கால் பங்கு அவர்களிடம் போயிருந்தது. நோய் இருக்கிறது என்று நம்ப யாருக்கும் இப்போது ஒரு காரணமும் இல்லை.

அவள் எழுந்து மாமாவின் கையைப் பிடித்துப் பார்த்தாள். கவினுடையதைப் பிடித்தாள். நிரவி களைப்பை மட்டும்தான் நிரவும், சூட்டை அல்ல. இருவர் கையும் வெதுவெதுப்பாக இருந்தன. சஹானாவின் விரல்கள் மார்கழிக் குழாய்த் தண்ணீர் போல இருந்தன.

"என்னங்கண்ணி, ரேகை பாக்கறீங்களா?" சஹானா சிரித்தாள். ஆபீசில் ஏசி அதிகம், அதனால்தான் என்றாள். நாளைக்குக் காப்பைக் கழற்றிவிட்டு ரத்தம் கொடுக்க வரச் சொன்னதும் இன்னும் பலமாகச் சிரித்தாள். "போங்கண்ணி. இன்னிக்கித்தான் பறக்கற மாதிரி இருக்கேன்."

இந்தக் கூடத்தில், இந்த வெளிச்சத்தில், இவர்கள் சிரிப்புக்கு நடுவே உட்கார்ந்திருக்க மகிழினிக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். கால் பங்குதான். சுமந்துவிடலாம். ஆனால் அவள் சுமக்கும் வரை சஹானா நன்றாகவே இருப்பாள், நெஞ்சு நின்றுபோகும் நாள் வரைக்கும்.

காப்பின் கொக்கியை அழுத்திக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

மூவரின் தோளும் ஒரே நேரத்தில் தொய்ந்தன. மாமாவின் கையிலிருந்த தட்டு மடியில் சரிந்தது. கவினின் சிரிப்பு பாதியில் நின்றது. நிரவி மெல்ல முனகிப் புதிய மட்டத்தில் அடங்கியது.

"பாத்தயா கவின்," என்றார் மாமா. "நல்லாயிட்டதும் அம்மணிக்கு நாம ஆகாமப் போயிட்டோம்."

கவின் அவள் பக்கம் பார்க்கவில்லை. உடம்பில் துளி களைப்புமின்றி, ஓடச் சொன்னால் மருதமலை வரைக்கும் ஓடக்கூடிய கால்களோடு, மகிழினி அவர்கள் நடுவில் தனியாக நின்றாள். சஹானா மட்டும் தன் இரண்டு கைகளையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டு, மேசைமேல் கிடந்த காப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.