ஏணியில் இரண்டு தட்டு

மழை விட்டும் வானம் வெளுக்கவில்லை. வால்வுக்காரரும் அவர் மச்சானும் பம்பு அறைக்குள் நுழைந்தபோது, வெள்ளம் விட்டுப்போன சேற்றுக்கோடு சுவரில் ஆள் உயரத்துக்கு நின்றது. பட்டப்பகலிலேயே உள்ளே அந்தி மாதிரி இருட்டு. வெளியே கேட்டருகில் தெருவே குடங்களோடு காத்திருந்தது.

வால்வுக்காரருக்கு உள்ளங்காலில் நெருப்பு. வீட்டில் மகள் வெள்ளத் தண்ணியைக் குடித்துவிட்டு, வாந்தியும் காய்ச்சலுமாய்ச் சுருண்டு கிடந்தாள். தரைத்தொட்டியில் தேங்கிய சேறு போனால்தான் நல்ல தண்ணீர்.

"வால்வைத் திருகுறது நீங்க, சேத்துல உருளுறது நானா மாமா?"

"எனக்கு முட்டி வலிடா. வேணும்னா உங்க அக்காவக் கேளு."

"கேட்டா, உங்க வாய்க்கு மட்டும் வலி வராதும்பா."

முணுமுணுத்துக்கொண்டே மச்சான் தொட்டிக்குள் இறங்கினான்.

தொட்டிக்குள்ளிருந்து பேசினால் வெறும் எதிரொலிதான் மேலே வரும். அதனால் இந்த வேலையில் பேச்சு கிடையாது, இரும்பு ஏணியில் தட்டுவதுதான். கீழே இருப்பவன் ஒரு தட்டுத் தட்டினால், ஏறி வரட்டுமா என்று அர்த்தம். மேலிருப்பவர் ஸ்பேனரால் இரண்டு தட்டினால், ஏறி வா. பதில் வராமல் யாரும் படியில் கால் வைப்பதில்லை. சேற்று வாளி தலையில் விழுந்து மண்டை உடைந்தவர்கள் உண்டு.

சேறெல்லாம் அள்ளியாயிற்று. வால்வுக்காரர் சகதியான தரையைச் சுற்றிவந்து வாளிகளை ஓரம் சேர்த்தார். பிறகு மூடியைக் கையில் எடுத்தார்.

உள்ளே ஒரு தட்டு.

கை தன்பாட்டுக்கு ஸ்பேனரை எடுத்து இரண்டு தட்டியது.

நிமிர்ந்தார். கடைசி வாளியோடு அப்போதே ஏறி வந்துவிட்ட மச்சான் வாசலில் நின்றான். பற்ற வைக்காத பீடி உதட்டில் அப்படியே இருந்தது.

"மாமா... யாருக்குத் தட்டுனீங்க?"

ஏணி முனகியது.

ஒரு படி. நின்று, இன்னொரு படி.

குனிந்து பார்த்தார். ஏணியில் யாரும் இல்லை. ஆனால் ஒவ்வொரு படியும் பாரம் தாங்கி வளைந்து, பிறகு நிமிர்ந்தது. அழுகிய பாசி நாற்றம் முகத்தில் அடித்தது. தோளை ஏதோ ஈரமாக உரசிக்கொண்டு போனது.

அப்புறம் சத்தமே இல்லை.

மூடியை அறைந்து சாத்தினார். தொட்டி நிரம்பியதும் வால்வைத் திறந்தார். வெளியே குடங்கள் முட்டிக்கொள்ளும் சத்தமும் சிரிப்பும் கேட்டன. ஒரு கேனில் தண்ணீர் பிடித்துக்கொண்டு புறப்பட்டார்.

மச்சான் அசையவில்லை.

"மாமா, வீட்டுக்குப் போகாதீங்க. தொட்டியிலேருந்து வால்வு வரைக்கும் நீங்க ஒரு ஆளுதான் நடந்தீங்க. தரையைப் பாருங்க."

பார்த்தார். அவர் செருப்புத் தடத்தை ஒட்டி, கூடவே வெறுங்கால் தடம்.

"பிள்ளை நாக்கு வறண்டு கிடக்குடா," என்றார். "நான் வேற எங்க போக?"

திரும்பிப் பார்க்காமல் வண்டியை மிதித்தார்.

வீட்டு வாசலிலேயே மனைவி ஓடிவந்தாள். "என்னங்க, காய்ச்சல் விட்டுடுச்சு! உங்க வண்டி வந்து நின்னுச்சு, சட்டுனு உடம்பு குளிர்ந்துபோச்சு!"

உள்ளே போய் மகளின் நெற்றியைத் தொட்டார். மூச்சு சீராக இருந்தது. நெற்றி மட்டும் தொட்டியின் அடித்தளம் போல் சில்லிட்டிருந்தது. அதன்மேல், அவர் தொடும் முன்பே, ஐந்து விரல்கள் சேற்று ஈரத்தில் பதிந்திருந்தன.

துண்டால் துடைத்தார்.

மறுபடி ஊறியது.