வெள்ளிக்கிழமைக் குழம்பு

மாலை 6.45. குளித்துவிட்டு வந்த அந்தோணிமேரி சமையலறை ஆணியைப் பார்த்தாள். கழற்றி மாட்டியிருந்த தங்கச் சங்கிலி அங்கே இல்லை.

7.20. பென்னலூரின் அந்த வாடகை வீட்டு முற்றத்துக்குள் சப் இன்ஸ்பெக்டர் ஜோதி நுழைந்தபோது, பின்னறையில் குடியிருந்த தங்கமாரியின் பை ஏற்கெனவே வெளியே கிடந்தது. தென்காசிப் பெண். ஒரகடத்தில் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்ட் வேலை. கேஸ் என்று விழுந்தால் அறையும் போகும், வேலையும் போகும். பாவம், அழக்கூடத் தோன்றாமல் நின்றாள்.

"முன்கதவு பூட்டி இருந்துச்சு. பின்கதவுப் பக்கம் ரெண்டே ரூம்தான் மேடம்," என்றாள் வீட்டுக்காரி அந்தோணிமேரி. "ஒண்ணு இவ, இன்னொண்ணு ஷாலின். ஷாலின் அந்நேரம் சமைச்சிக்கினு இருந்தா. குரூப்புல போட்டோ கீது பாருங்க."

வாட்ஸப் குரூப்பின் பெயர் 'நைட்டுக்கு இன்னா?' குடியிருக்கும் பெண்கள் அன்றன்றைய சமையலைப் படம் பிடித்துப் போடுவார்கள். மற்றவர்கள் படத்தைப் பார்க்கிறார்களோ இல்லையோ, இதயத்தை அள்ளி வீசுவார்கள்.

அந்தோணிமேரி கீரைக் கடைசல் போட்டிருந்தாள். "தவக்கால வெள்ளி மேடம். எங்காளுங்க வூட்ல இன்னிக்குக் கவுச்சி கிடையாது."

ஷாலின், 6.35: சிவக்கச் சிவக்க ஒரு குழம்பு. 'இப்பதான் இறக்கினேன்.' தங்கமாரி எதுவும் போடவில்லை. அவளுக்கு எதிராக இருந்த ஒரே சாட்சியம் அதுதான்.

"நீ ஏன் போடல?"

"ஷிப்டு முடிஞ்சு வந்து பழைய சோத்தத் தின்னுட்டுப் படுத்துட்டேன் மேடம். அதப் போயி போட்டோ எடுத்தா போடுவாவ?"

ஜோதிக்கு இருப்புக் கொள்ளவில்லை. போனும் கையுமாக முற்றத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். நின்று, ஒரு படத்தை விரலால் பெரிதாக்கினார்.

"ஷாலின், கோயிலுக்குப் போவியா?"

"பாட்டுக் குழுவுல இருக்கேன் மேடம். சாயந்திரம் சிலுவைப்பாதைக்குக்கூடப் போனேன்."

"போய்ட்டு வந்து கோழிக் குழம்பு வெச்சியாக்கும்? ஓரத்துல எலும்பு தெரியுது."

அந்தோணிமேரி போனைப் பிடுங்கிப் பார்த்தாள். "அடிப்பாவி! தவக்கால வெள்ளியிலயா?"

ஷாலின் பதறிப்போனாள். "ஐயோ அக்கா, ஆண்டவர் சத்தியமா இல்ல! இன்னிக்கு நான் கோழியத் தொடவே இல்ல. அது தவக்காலத்துக்கு முன்னாடி ஆக்குனது..."

பாதியில் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்போ இன்னிக்கு இறக்குன குழம்பு எங்கே?" என்றார் ஜோதி. "அடுப்பே பத்த வெக்கல நீ. பழைய படத்தப் போட்டுட்டுப் பின்கதவு வழியாப் போயிருக்க. அவசரத்துல கிழமையப் பார்க்கல."

திருட்டை அழகாக மறைத்தவளால் கோழி தின்ற பழியை மட்டும் தாங்க முடியவில்லை. சங்கிலி அவளுடைய அரிசி டப்பாவில் கிடைத்தது.

"தொங்கிக்கினு இருந்துச்சு... கை தானா அது மேல போயிடுச்சு மேடம்."

அந்தோணிமேரி பையைத் தூக்கிவந்து நீட்டினாள். "மனசுல வெச்சுக்காதம்மா. வா, நம்ம வூட்ல சாப்பிடு."

தங்கமாரி பையை வாங்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். சற்று நேரத்தில் எல்லோருடைய போனும் ஒலித்தது. குரூப்பில் அவளுடைய முதல் படம்: தட்டில் மிச்சமிருந்த பழைய சோறு, கடித்து வைத்த பச்சை மிளகாய்.

அதற்கு இதயம் போட யாருக்கும் கை வரவில்லை.