இரண்டு பேர் வேலை

ஒரகடம் ஆலையின் நீண்ட கூடத்தில் கடைசல் இயந்திரங்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. உள்ளே இருந்த ஒரே மனிதன் தணிகைவேல்.

ஒவ்வொரு மோட்டாரிலும் ஒரு திறன்மானி இருந்தது. மோட்டார் எவ்வளவு மின்திறன் இழுக்கிறது என்று ஓயாமல் அளந்து மையக்கணி என்ற கணினிக்கு அனுப்பும். வெட்டுமுனை மழுங்கினால் மோட்டார் ஒருவிதமாக இழுக்கும், பேரிங் தேய்ந்தால் வேறுவிதமாக இழுக்கும். அதை வைத்தே மையக்கணி கோளாறைச் சொல்லிவிடும். அது வந்தபின் ஃபோர்மேன், ஃபிட்டர் யாரும் தேவைப்படவில்லை. ஆலைக்கு ஓர் ஆள் என்றாகிவிட்டது.

மையக்கணியின் திரை சொல்லும் வெட்டுமுனையை மாற்றுவதுதான் தணிகைவேலின் வேலை. மனைவி இறந்ததிலிருந்து வீட்டிலும் பேச ஆளில்லை. மாலையில் கடையில் டீ கேட்கும்போதுதான், காலையிலிருந்து வாயே திறக்கவில்லை என்பது அவனுக்கு உறைக்கும்.

ஒருநாள் நான்காம் இயந்திரத்தின் பேரிங் போய்விட்டது. பேரிங், பெல்ட் வேலைக்கு மட்டும் விதிப்படி இரண்டு பேர் வேண்டும். இருங்காட்டுக்கோட்டை ஆலையில் தனியாக இருந்த பூங்கோதையை அனுப்பினார்கள். பேரிங்கை மாற்றிவிட்டுச் சேர்ந்து சாப்பிட்டார்கள். மேல்வீட்டுக்காரரோடு தண்ணீர்க் குழாய்க்காக நடக்கும் சண்டையை அவள் நடித்துக் காட்டினாள். அவன் புரையேறச் சிரித்தான். அடுத்த வேலையில் பார்ப்போம் என்று சொல்லிவிட்டு அவள் பஸ் ஏறினாள்.

சில வாரம் பொறுத்தான். பிறகு நான்காம் இயந்திரத்தின் பெல்ட்டை அளவுக்கு மேல் இறுக்கினான். பேரிங் அழுந்தியது, மோட்டார் கூடுதலாக இழுத்தது, திரை சிவந்தது. பூங்கோதை வந்தாள். பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். அதைத் தளர்த்திவிட்டுச் சாப்பாட்டுப் பையைத் திறந்தாள்.

அடுத்து இருங்காட்டுக்கோட்டையிலிருந்து அவனுக்கு அழைப்பு வந்தது. அங்கேயும் ஒரு பெல்ட் விறைத்துக் கிடந்தது. அவனும் அதைத் தளர்த்திவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான்.

இப்படியே ஒரு வருடத்துக்கு மேல் போயிற்று. அப்புறம் ஒருநாள் அவன் இறுக்கியும் திரை பச்சையாகவே இருந்தது. இன்னும் இறுக்கினான். பச்சைதான். மையக்கணி தன் அளவுகோலைத் தானே திருத்திக்கொள்ளும். அடிக்கடி இவ்வளவு இழுத்ததால், இதுதான் இந்த இயந்திரத்தின் இயல்பு என்று அது முடிவு செய்துவிட்டது.

பேரிங் முனகுவது அவனுக்குக் கேட்டது. யாரும் வரப்போவதில்லை, இதையாவது வதைக்காமல் இருப்போம் என்று பெல்ட்டைச் சரியான அளவுக்குத் தளர்த்தி, கிரீஸ் வைத்தான். இயந்திரம் சத்தமே இல்லாமல் ஓடியது.

திரை சிவந்தது. மின்திறன் இயல்புக்குக் குறைவு, இரண்டு பேர் வேலை என்றது.

பூங்கோதை வந்து இயந்திரத்தின்மேல் கை வைத்துப் பார்த்தாள்.

“நல்லாத்தானே இருக்கு?”

“இப்பதான் நல்லா இருக்கு.”

பெல்ட்டை இறுக்கச் சொல்லித்தான் அவளுக்கு உத்தரவு.

“இறுக்கினா பச்சை வந்துடும். அப்புறம் என்னைக் கூப்பிடாது.”

“தெரியும்.”

அவள் ஸ்பேனரைப் பெட்டிக்குள் வைத்தாள். அன்று சாப்பாடு சாயங்காலம் வரை நீண்டது. பழுது தீரவில்லை என்று திரையில் பதிந்துவிட்டுப் போனாள். மறுநாளும் வந்தாள், அதற்கடுத்த நாளும் வந்தாள். பிறகு மையக்கணி அந்த இயந்திரத்தைத் தேறாதது என்று தள்ளிவிட்டது. கூடத்திலேயே மிக நன்றாக ஓடிய இயந்திரத்தை லாரியில் ஏற்றி உருக்க எடுத்துப் போனார்கள்.

புதிதாக வந்ததில் பெல்ட்டே இல்லை. பேரிங் தேய்ந்தால் அதன் இயந்திரக் கையே மாற்றிக்கொள்ளும். சில மாதங்களில் இரண்டு ஆலைகளிலும் எல்லாமே அப்படி மாறின. இரண்டு பேர் வேண்டும் என்ற விதியையும் எடுத்துவிட்டார்கள்.

ஒரு மதியம் தணிகைவேல் பூங்கோதைக்குப் போன் செய்தான். வேலை விஷயமாக இல்லாமல் அவளை அழைப்பது அதுதான் முதல் முறை.

“சொல்லுங்க, என்ன கோளாறு?” என்றாள்.

எதைச் சொல்வதென்று யோசித்தான். எதுவும் அகப்படவில்லை.

“ஒண்ணுமில்லை. எல்லாம் சரியா ஓடுது.”

“இங்கயும்தான்” என்றாள்.

இருவருக்குமே போனை வைக்க மனம் வரவில்லை. அந்தப் பக்கம் இயந்திரங்கள் ஓடும் சத்தம் அவனுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.