களை வண்டியின் எட்டாவது குறிப்பு

மழைக்கும் சாதனாவுக்கும் அன்றைக்கு என்ன பகையோ தெரியவில்லை. மறுநாள் காலை நாசிக் பக்கத்து வெங்காய வயல் ஒன்றில் விவசாயிகள் முன்னால் அவள் தன் களை வண்டியை ஓட்டிக் காட்ட வேண்டும். சூரியத் தகட்டை முதுகில் சுமந்துகொண்டு, பாத்திகளுக்கு நடுவே தானே ஊர்ந்து, பயிரை விட்டுக் களையை மட்டும் கிள்ளும் சின்ன ரோபோ அது. மும்பை செம்பூரில் நாலு பேர் சேர்ந்து நடத்தும் கம்பெனிக்கு அது ஒன்றுதான் சொத்து. டிராம்பேயில் ஒரு காலி மனையில் கடைசியாக ஒரு முறை ஓட்டிப் பார்க்கலாமே என்று இறக்கினாள். சேறு அப்பி இரண்டு சக்கரமும் பூட்டிக்கொண்டன.

ஏற்றி வந்த டெம்போக்காரர் அவளையும் வண்டியையும் தாராவியில் ஒரு மோட்டார் பட்டறை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். உள்ளேயிருந்து வந்தவன் குனிந்து ஒரு விரலால் சக்கரத்தைச் சுரண்டினான். பெயர் தளவாய்.

"இது வயக்காட்டுக்குப் போற வண்டியா மேடம், மால்ல ஓடுத வண்டியா?"

"ஏன், என்ன குறை?"

"ரப்பர் சக்கரம்லா போட்டிருக்கிய. கரிசல் மண்ணு இதப் பிடிச்சா லேசுல விடாது."

"லேப்ல ஆறு மாசம் டெஸ்ட் பண்ணியிருக்கோம்."

"லேப்ல மழ பெஞ்சுச்சா?"

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. முறைக்க நிமிர்ந்தாள். அவன் கண்கள் சிரித்துக்கொண்டிருந்தன... கேலி இல்லாத சிரிப்பு. இமை மேலெல்லாம் இரும்புத் தூள். முறைக்க வந்தவள் முறைப்பதை மறந்துபோனாள். அன்று நாலே மணி நேரத்தில் அவன் ரப்பரைக் கழற்றிவிட்டு, மண் ஒட்டாமல் உதிர்ந்து விழும்படி இரும்புப் பட்டைகள் வைத்த வளையங்களைப் பூட்டினான். வெளிநாட்டு மோட்டார் இருந்த இடத்தில் பழைய காரின் வைப்பர் மோட்டார் உட்கார்ந்தது. மறுநாள் வெங்காயத்துக்கு நடுவே வண்டி சொன்னபடி கேட்டு ஓடியது. விலையும் பாதியாக இறங்கியது.

அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு நாள் பட்டறைக்குப் போக ஏதாவது ஒரு காரணம் கிடைத்துக்கொண்டே இருந்தது. கிடைக்காத வாரத்தில் இவளே ஒரு நட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனாள் என்று சொன்னால் கோபித்துக்கொள்வாள், ஆனால் உண்மை அதுதான்.

"வெல்டிங் பண்றச்சே கண்ணாடி போட மாட்டேளா?"

"போட்டா நீங்க வாரது தெரியாமப் போயிரும்லா."

சாதனாவுக்குக் காது வரை சூடேறியது. மழையைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டாள்.

ஒவ்வொரு முறையும் புதிதாகச் செய்ததைப் படம் வரைந்து, பக்கத்தில் ஒன்று, இரண்டு என்று எண்போட்டு அட்டையில் எழுதிக் கொடுப்பது தளவாயின் வழக்கம். முனிசிபல் பள்ளியில் தமிழில் பத்தாவது வரை படித்தவன். சடசடவென்று ஓடும் கையெழுத்து. முதல் அட்டையை நீட்டும்போதே கேட்டான்.

"தமிழ் படிப்பியள்லா?"

"படிக்காம என்ன... தமிழ்தானே" என்றாள் சாதனா.

இங்கேதான் பெண்ணே, நீ கெடுத்தாய். வசதியானவர்கள் வாழும் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவள். வீட்டில் அப்பாவுக்கு மலையாளம் படிக்க வரும், அம்மாவுக்கு மராத்தி வரும், தமிழ் எல்லாருக்கும் வாயோடு சரி. தெரியாது என்று அவனிடம் சொல்ல ஏனோ மனசு வரவில்லை. படித்த பெண் என்று அவன் கண்ணில் இருந்த மரியாதை போய்விடுமோ என்று பயந்தாள். அட்டையைச் செல்போனில் காட்டிப் பார்த்தாள், அந்தக் கையெழுத்தைப் பார்த்து அது ஏதேதோ உளறியது. பிறகு படத்தையும் அளவுகளையும் வைத்து ஊகித்து, புரியாததைப் போனில் சுற்றி வளைத்துக் கேட்டுச் சமாளித்தாள்.

ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை, புது அட்டை ஒன்றைத் தந்தான். எட்டுக் குறிப்புகள். கொடுக்கும்போது அவள் முகத்தை அவன் பார்க்கவில்லை. "வீட்டுக்குப் போயி நிதானமா படிங்க" என்றான். ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. சாதனா பால்கனியில் டீயோடு உட்கார்ந்து, இப்போது போன் செய்தால் என்ன சாக்குச் சொல்வது என்று யோசித்து, கூச்சப்பட்டு விட்டுவிட்டாள். திங்கட்கிழமைதான் கூப்பிட்டாள்.

"படிச்சேன் தளவாய். எல்லாம் கரெக்டா இருக்கு. வேற ஒண்ணும் மாத்த வேணாம், இப்படியே இருக்கட்டும்."



"சரிங்க மேடம்."

நடுவில் விட்டுப்போயிருந்த மேடம் திரும்பி வந்திருந்தது. அந்த மாத வேலையை ஒழுங்காக முடித்துக் கொடுத்தான். அடுத்ததற்குக் கை நிறைய வேலை இருக்கிறது என்று சொல்லி, கோபர்கைரனேயில் வேறு ஒரு பட்டறையைக் காட்டிவிட்டான். நான் என்ன தப்பு செய்தேன் என்று சாதனா பல நாள் குமைந்தாள். கேட்கத் தன்மானம் விடவில்லை. வேண்டாமென்றால் எனக்கும் வேண்டாம் என்று வேலையில் மூழ்கினாள்.

பத்து மாதம் போயிற்று. தூத்துக்குடி பக்கத்துப் பருத்தி விவசாயிகளிடமிருந்து இருபது வண்டிக்கு ஆர்டர் வந்தது. தமிழில் விளக்கக் கையேடு வேண்டும். டிராம்பேயிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த காசிமுக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியும். பழைய அட்டைகளை அவனிடம் கொடுத்தாள். அவன் வாய்விட்டுப் படித்துக்கொண்டே தட்டச்சு செய்தான்.

"ஏழு, மழை நாளில் தகட்டைத் துணியால் துடைக்கவும். எட்டு... வேலைக்கு நடுவுல இத எழுதுறதுக்கு மன்னிக்கணும். நேர்ல சொல்ல வாய் வரல. உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. ஞாயிறு சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஃபைவ் கார்டன்ல நிப்பேன். வந்தா பேசலாம். வராட்டி பதில் வேண்டாம், பழையபடி வேலையப் பாப்போம்... மேடம், இதையும் கையேட்டுல போடணுமா?"

சாதனா அட்டையை வாங்கிக்கொண்டாள். ஃபைவ் கார்டன் பூங்காவிலிருந்து மூன்றாவது கட்டடம் அவள் வீடு. அந்த மழையில் அவன் கீழே நின்றிருக்கிறான், இவள் மேலே டீ குடித்துக்கொண்டு அவனையே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அன்று சாயங்காலமே நனைந்துகொண்டு பட்டறைக்குப் போனாள்.

"வாங்க மேடம்" என்றான் தளவாய். இமையில் அதே இரும்புத் தூள்.

"எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது."

அவனுக்குப் புரியவில்லை.

"ஒரு எழுத்துகூடத் தெரியாது தளவாய். நீங்க எழுதிக் குடுத்த எதையுமே நான் படிச்சதில்ல. எட்டாவதை இன்னிக்குத்தான் ஒருத்தர் படிச்சுச் சொன்னார்."

அவன் கையிலிருந்த மிஷினை நிறுத்தினான்.

"படிச்சேன்னு சொன்னியளே."

"பொய் சொன்னேன்."

"வேற ஒண்ணும் மாத்த வேணாம்னு..."

"அது மோட்டாரைப் பத்தி."

தளவாய் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். "ஏழு மணி வரைக்கும் நின்னேன்" என்றான் மெதுவாக. "படிக்கத் தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா, எப்பாடு பட்டாவது வாயாலயே சொல்லிருப்பேன்லா."

"தெரியும்."

"ஆவணியில எனக்குக் கல்யாணம். பேரு விஜயராணி. கிராஸ் ரோட்ல தையல் கிளாஸ் நடத்துதா. இந்தத் தடவ எழுதிக் குடுக்கல. நேர்ல போயி கேட்டேன். சரின்னுட்டா."

சந்தோஷம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கிப் போயிருக்கலாம். போக முடியவில்லை. வெட்கத்துக்குப் பயந்து ஒரு முறை வாயை மூடியதற்கு இவ்வளவு கொடுத்தாயிற்று, இன்னொரு முறை மூட அவளிடம் தெம்பு இல்லை.

"இதைச் சொல்றதால எதுவும் மாற வேணாம். விஜயராணியை நன்னா வெச்சுக்கோங்கோ. ஆனா அன்னிக்கு நான் வந்திருப்பேன்... அஞ்சு மணிக்கு முன்னாடியே வந்து நின்னிருப்பேன். எனக்கும் உங்களைப் பிடிச்சிருந்தது. இப்பவும் பிடிச்சிருக்கு."

சொல்லி முடித்ததும் கண்ணீர் வந்தது. துடைக்கவில்லை. தளவாய் நிமிர்ந்தபோது அவன் கண்ணும் கலங்கியிருந்தது.

"சொன்னது நல்லதாப் போச்சு" என்றான். "மாட்டுங்கா பொண்ணக் கேக்க ஒனக்கு என்னலே யோக்கியதன்னு பத்து மாசமா என்னையவே வைஞ்சுக்கிட்டுக் கெடந்தேன். இனும வைய மாட்டேன்."