வார்னிஷ் பூசிய நிழல்

சாயங்கால வெயிலில் மகளைக் கூட்டிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு வந்து சேர்ந்தான் ஓவியன். நடைபாதையில் பொய் நிழல் வரைவதுதான் அவன் பிழைப்பு. விளக்குக் கம்பத்தின் நிழலை ஒட்டகச்சிவிங்கி ஆக்குவான், குப்பைத்தொட்டியின் நிழலுக்குத் தொப்பி மாட்டுவான். போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று சிரிப்பார்கள். மேலே வார்னிஷ் பூசிவிட்டால் எந்த மழைக்கும் அழியாது என்று அவனுக்கு ஏகப் பெருமை.

பெஞ்சில் ஒரு பெரியவர் மூட்டையை அணைத்தபடி உட்கார்ந்தே தூங்கிக்கொண்டிருந்தார். கேட்க நாதியில்லாத ஆள். அவர் நிழலைச் சுற்றிக் கோடு போட்டு, கறுப்பை நிரப்பி, இரண்டு கொம்பும் ஒரு வாலும் வைத்தான். வார்னிஷும் பூசினான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

அந்தச் சத்தத்தில் பெரியவர் விழித்தார். எழுந்து கொஞ்சம் நடந்தார்.

காலடியில் நிழல் இல்லை.

"தம்பி, என் நிழல் ஒட்டிக்கிச்சு. எடுத்து விட்டுருப்பா."

"காஞ்சிருச்சே பெருசு. இனி அதுக்குப் பக்கத்துலயே குடியிரு."

பெரியவர் திரும்ப வந்து பெஞ்சிலேயே உட்கார்ந்தார். அன்றிரவு தூங்கியவர் எழுந்திருக்கவில்லை.

"விடியக்காலையில தூக்கிட்டுப் போனாங்க" என்றார் மறுநாள் பெட்டிக்கடைக்காரர். ஓவியன் உச்சுக்கொட்டினான். பிறகு படமெடுப்பதற்காக மகளை அந்த நிழலுக்குப் பக்கத்தில் நிறுத்தினான்.

"அப்பா, தாத்தா கை சில்லுனு இருக்கு."

குனிந்து பார்த்தான்.

கொம்பு வைத்த நிழலின் கையைப் பிடித்தபடி ஒரு சின்ன நிழல். அதிலிருந்து ஈர வார்னிஷ் வாடை அடித்தது. மகளின் காலடியில் வெறும் வெயில்.

பெயிண்டைக் கரைக்கும் தின்னரைத் துணியில் ஊற்றித் தேய்த்தான். சின்ன நிழலின் விரல் ஒன்று கரைந்தது. மகள் வீறிட்டாள். அவள் கையில் அதே விரல் வெளுத்துத் தொங்கியது.

துணி கைநழுவி விழுந்தது. தெருவின் இரைச்சலெல்லாம் எங்கோ தூரத்தில் கேட்டது. தரையைப் பார்த்துக் கும்பிட்டான்.

"விட்டுருங்க ஐயா. சின்னக் குழந்தைங்க இவ. என்னை வச்சுக்குங்க."

மகள்தான் பதில் சொன்னாள்.

"காஞ்சிருச்சாம்ப்பா."

சொல்லிவிட்டுக் கொட்டாவி விட்டாள். "தூக்கம் வருது."

"தூங்காதம்மா. அப்பாவைப் பாரு." அவளை உலுக்கினான், கன்னத்தில் தட்டினான், கடைசியில் ஓங்கி அறைந்தும் பார்த்தான். அவள் இமைகள் மெல்ல இறங்கின.

சின்ன நிழலின் தலையில் இரண்டு கொம்புகள் முளைத்துக்கொண்டிருந்தன. இதுவும் அவன் கைவரிசை என்றே சுற்றி நின்றவர்கள் நினைத்தார்கள்.

விழுந்து விழுந்து சிரித்தார்கள்.